சித்தப்பாவின் நாடி

சித்தப்பாவின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துவிட்டு மரவிரல் கண்ணை மூடிக்கொண்டாள்.

சித்தப்பா ரப்பர் மனிதர். நர்சிங் கல்லூரியின் செய்முறை அறையில், கழுத்து வரை போர்த்திக்கொண்டு, வருடக்கணக்காக ஒரே கட்டிலில் படுத்திருக்கிறார்.

அவர் கால்மாட்டில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் அட்டெண்டர் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு ரப்பர் குமிழை அமுக்குவார். காற்று, கட்டிலுக்கடியில் ஓடும் குழாய் வழியாகப் போய், சித்தப்பாவின் கையிலும் கழுத்திலும் நாடியாகத் துடிக்கும்.

நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, பரீட்சை இல்லை. அந்த மனிதருக்கு வேறு எப்படித் துடிக்கும்?

மரவிரல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. இதே கட்டிலருகே இரண்டு முறை தோற்ற பிறகு வகுப்பு வைத்தது.

மற்றபடி ஆள் கெட்டி. இருநூற்றாறு எலும்புகளின் பெயர்களையும் தூக்கத்தில் சொல்வாள். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி அதைக் கேட்டுக் கேட்டே பாஸ் செய்தாள். இதயத்தில் ரத்தம் எந்தக் கதவால் நுழைந்து எந்த அறை வழியாக வெளியேறுகிறது என்பதை, சொந்த வீட்டைச் சுற்றிக் காட்டுவதுபோல விவரிப்பாள். சித்தப்பாவிடம் வந்தால்தான் தகராறு.

மூன்றாவது முறையும் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணன் இப்போதே ஒரு ஸ்டூல் போட்டு வைத்துவிட்டான்.

“வா, வா. இங்கயும் நாடி பாக்கற வேலைதான். என்ன, டயருக்குப் பாக்கணும்.”

அதனால் விடுமுறை முழுக்க அவள் கண்ணில் பட்ட கையை எல்லாம் பிடித்தாள். அண்ணன், அண்ணி, பால்காரர். பஸ்ஸில் கண்டக்டரைப் பிடித்தாள், அவர் அடுத்த நிறுத்தம் வரை ஒற்றைக் கையாலேயே டிக்கெட் கிழித்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா?” என்று கேட்டார். தெருமுனைக் கழுதைக்குக்கூட நாடி பார்த்ததாகவும், அது அன்றிலிருந்து அவளைக் கண்டால் முன்னங்காலை நீட்டியதாகவும் அண்ணி சொல்கிறாள். அண்ணி பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

இன்று காலை வரிசையில் நின்றபோது தோழி காதைக் கடித்தாள்.

“பேசாம எழுபத்திரண்டுன்னு சொல்லிட்டு வாடி. யார் வீட்டுச் சொத்து போகுது?”

முன்னால் போனவர்கள் எல்லோரும் எழுபத்திரண்டு என்றே சொன்னார்கள். ஒருத்தி மட்டும், சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று எழுபத்து நாலு என்றாள். வகுப்பில் அவள்தான் முதல் மாணவி.

இப்போது மரவிரலின் விரல்கள் மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக இருந்தன. தன் பெருவிரலை அவள் வைக்கவில்லை. அதற்குச் சொந்தமாக நாடி உண்டு. ஊரார் கணக்கில் தன் கணக்கைச் சேர்த்துவிடும்.

ஒரு நிமிடம் முழுசாகப் பார்த்தாள். பிறகு முழங்கையின் உள்பக்கம். பிறகு கழுத்தில், மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில்.

‘எழுபத்திரண்டு’ நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் அதை விழுங்கினாள்.

“நாடி இல்ல மேடம்.”

ஆசிரியைக்கு முகம் கறுத்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பக்கம் திரும்பி, “நான்தான் சொன்னேனே மேடம், இவளுக்கு விரல் சரியில்ல” என்றார்.

தேர்வாளர் அம்மாள் காலையிலிருந்து எழுபத்திரண்டைக் கேட்டுக் கேட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர். முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“விரல்தானே? பாத்துடலாம். உங்க கையைக் குடுங்க டீச்சர்.”

ஆசிரியை கையை நீட்டினார். மரவிரல் மூன்று விரல்களை வைத்தாள். வைத்த உடனேயே அவள் முகம் தெளிந்தது. நிமிடம் முடியும்வரை எண்ணினாள்.

“நூத்திப் பதினெட்டு. மேடம், நீங்க கொஞ்சம் உக்காந்துக்குங்க.”

தேர்வாளர் ஆசிரியையின் மறுகையைப் பிடித்துத் தானும் எண்ணிக்கொண்டிருந்தார். நூற்றுப் பதினெட்டுதான்.

“விரல் நல்லாத்தான் இருக்கு. அப்ப நோயாளிக்குத்தான் ஏதோ ஆகியிருக்கு” என்று சொல்லி, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்தார். மரவிரலும் குனிந்தாள்.

சித்தப்பாவிடமிருந்து கழன்ற குழாய் தரையில் கிடந்தது. அதன் வாய்க்கு எதிரே ஒரு பிடி தூசி எழுந்து உட்கார்ந்தது, எழுந்து உட்கார்ந்தது, ஒழுங்காக, நிமிடத்துக்கு எழுபத்திரண்டு தடவை.

தேர்வாளர் நிமிர்ந்ததும் மதிப்பெண்ணைப் போட்டார். முழு மதிப்பெண். அடித்தல் திருத்தல் இல்லை.

“வெளிய போனவங்க எல்லாரையும் திரும்பக் கூப்பிடுங்க. அந்த எழுபத்து நாலு முதல்ல வரட்டும்.”

பிறகு பேனாவை மூடிக்கொண்டே மரவிரலிடம் கேட்டார்.

“ஆமா, போன ரெண்டு தடவையும் நீ என்னம்மா பதில் சொன்னே?”

“இதேதான் மேடம்.”

திரைக்குப் பின்னால் குமிழின் சத்தம் நின்றது.

சித்தப்பா அப்போதுதான் முறைப்படி காலமானார்.