சும்மா இருந்த ஐந்து ஆண்டுகள்

“மஞ்சக்காமாலைன்னு சொல்லிப்புடு, கனகு. யாருக்கும் சந்தேகமே வராது.”

“அஞ்சு வருசமாவா மஞ்சக்காமாலை? என்னையக் காலேஜுல சேக்க மாட்டாக, ஆஸ்பத்திரியிலதான் சேப்பாக.”

அருப்புக்கோட்டையிலுள்ள அக்கல்லூரியின் வாயிலருகே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்தபடி அழகுராஜா மீண்டும் ஆழ்ந்த சிந்தனையில் மூழ்கினான். அவன் மனைவி கனகலட்சுமி பி.ஏ. முடித்து ஐந்து ஆண்டுகள் கழிந்தபின், எம்.ஏ. பொது நிர்வாகம் பயில விண்ணப்பித்திருந்தாள். எஞ்சியிருந்ததோ ஒரே ஓர் இடம். அதற்குப் போட்டியிட்டோர் இருவர். இடைப்பட்ட ஐந்தாண்டுகள் படிப்பைத் தொடராமைக்குரிய காரணத்தை நேரில் வந்து விளக்குமாறு துறையிலிருந்து அழைத்திருந்தார்கள்.

காரணம் தேடும் பொறுப்பை அழகுராஜா தானாகவே எடுத்துக்கொண்டான். யாருடைய பொறுப்பாயினும் தானாகவே எடுத்துக்கொள்வது அவனுடைய பிறவிக்குணம்.

“ஒங்க அப்பாவுக்கு ஒடம்பு முடியலைன்னு சொல்லுவமா?”

“போன வாரந்தான் நரிக்குடியிலருந்து ஒரு கெடாயத் தோள்ல போட்டு நடந்தே வந்தாக எங்கப்பா. இது அவுக காதுல விழுந்துச்சு, அடுத்தாப்புல ஒங்களயும் தூக்கித் தோள்ல போட்டுக்கிருவாக.”

“பெறகு என்னதான் சொல்றது?”

“உள்ளதச் சொல்லிருவோமே.”

அழகுராஜா பதறிப்போனான். “ஏய், அதச் சொன்னா நான் டவுனுக்குள்ள தல காட்ட முடியுமா? வீட்டுல சும்மா இருந்தேன்னு சொல்லு. சும்மா இருக்கிறது என்ன குத்தமா?”

அப்போது பாளையம்பட்டிப் பேருந்திலிருந்து இறங்கிய அவர்களூர்ப் பால்பாண்டி, அவனைக் கண்டதும் கும்பிட்டான். “வணக்கம் தலைவரே! என்ன, காலேஜுக்கும் ரோடு போட வந்துட்டீகளா?”

“சோலியா வந்தேன்லே. பதவிக்காலம் முடிஞ்சாலும் ஜனங்க நம்மள விடுதா?”

அவன் கூறியது பொய்யன்று. பதவிக்காலம் முடிந்து மாதங்கள் பல கடந்தும் ஊரில் சிறியவர் முதல் பெரியவர் வரை அவனைத் ‘தலைவரே’ என்றுதான் விளித்தனர். மோட்டார் சைக்கிளின் முகப்பில் ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ என்று சிவப்பு வண்ணத்தில் பொறித்திருந்ததையும் அவன் இன்னும் அழிக்கவில்லை. பால்பாண்டி அகன்றதும் கனகலட்சுமி அவ்வெழுத்துகளின்மேல் படிந்திருந்த கரிசல் புழுதியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“உள்ள போயி நான் பேசவா, நீங்க பேசுறீகளா?”

“நான் பேசிக்கிறேன். நீ பக்கத்துல நின்னாப் போதும், எப்பயும்போல.”

துறைத்தலைவர் ஜெகதீஸ்வரி அம்மையாரின் அறையில், எதிரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அழகுராஜா அதில் அமர்ந்தான். கனகலட்சுமி பக்கத்தில் நின்றாள்.

“நீங்க யாரு?”

“பரளச்சிக்குத் தெக்க நம்ம ஊருங்க, மேடம். போன தடவ பிரசிடெண்ட்டு நம்ம வீடுதான். இது நம்ம வீட்டம்மா.”

“சந்தோஷம். கனகலட்சுமி, இந்த அஞ்சு வருஷமும் என்னம்மா செஞ்சீங்க?”

“வீட்டுல சும்மாதாங்க இருந்தா,” என்று அழகுராஜா முந்திக்கொண்டான். “நாயா அலைஞ்சது நான்தான். கம்மாய் மடையச் சரிபண்ணுனேன். சுடுகாட்டுக்கு ரோடு போட்டேன். தண்ணி டேங்கு கட்டுனேன். விடிஞ்சு எந்திரிச்சா வாசல்ல ஒரு கூட்டம் நிக்கும்.”

“அப்ப இவங்க?”

“காப்பி போட்டுக் குடுப்பா. அப்புறம் கையெழு…” என்று தொடங்கிய நாவைச் சட்டென மடக்கி, “கையெடுத்துக் கும்பிடுவா, வர்றவுகள,” என்று முடித்து இருமினான்.

அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. போட்டியில இருக்கிற இன்னொரு பொண்ணு ஒரு அலுவலகத்துல வேலை பாத்திருக்காங்க. சும்மா வீட்டுல இருந்தேன்னா நான் எதை வச்சு இடங்கொடுக்கிறது? மக்கள் பணி ஏதாவது பாத்திருந்தாக்கூட முன்னுரிமை தரலாம். படிப்பே பொது நிர்வாகம்.”

அவர் பேனாவைத் திறந்து, கனகலட்சுமியின் பெயரை அடிக்கக் கையை உயர்த்தினார்.

கனகலட்சுமி கணவனைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். மணமாகி வந்த நாள்முதல் தனக்கென்று அவள் கேட்டது இந்தப் படிப்பு ஒன்றையே என்பது, அந்நேரம் பார்த்து அவன் நினைவுக்கு வந்து தொலைத்தது. மின்விசிறியின் கீழும் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

“மேடம், அந்தப் பேனாவச் செத்த மூடுங்க.”

“ஏன்?”

அழகுராஜா எழுந்தான். தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். மறுபடி தோளில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். தான் அமர்ந்திருந்த நாற்காலியை மனைவியின் பக்கம் மெல்ல நகர்த்திப் போட்டான்.

“எங்க ஊரு, பொம்பளைகளுக்கு ஒதுக்குன பஞ்சாயத்துங்க. அஞ்சு வருசமும் தலைவரு அவுகதான். நான் தலைவரு வீட்டுக்காரரு.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மையார் கேட்டார்: “பதவியே பாத்தாச்சு. இனி இந்தப் படிப்பு எதுக்கும்மா?”

நாற்காலியில் நன்றாக நிமிர்ந்து அமர்ந்து, கனகலட்சுமி அன்று முதன்முறையாக அவ்வறையில் வாய் திறந்தாள்.

“மறுபடியும் எலெக்சன் வருதாம்ல, மேடம்? பாவம், அஞ்சு வருசமா அலைஞ்சிட்டாக. இந்தத் தடவ இவுக வீட்டுல சும்மா இருக்கட்டும்.”