கிழட்டுக் கரடி

“இதால வெங்காயம் வெட்டலாமா, மாப்பிள்ளை?”

மேஜைமேல் இருந்த கத்தியைக் காட்டி மாமியார் நடீன் சத்தமாகவே கேட்டுவிட்டாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டால்டனுக்கு மானம் போயிற்று.

“மெதுவா பேசுங்க அத்தை. இது ஆர்வில் கையால செஞ்ச மடக்குக்கத்தி. வெங்காயம் வெட்டுறதுக்கு இல்ல.”

“பின்ன எதை வெட்டுவீங்க?”

“தபால்ல வர்ற அட்டைப்பெட்டியப் பிரிப்போம்.”

“பெட்டிக்குள்ள என்ன இருக்கும்?”

டால்டன் கொஞ்சம் தயங்கினான். “இன்னொரு கத்தி.”

பின்னால் நின்ற தாடிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

நாக்ஸ்வில் கத்திக் கண்காட்சிக்கு டால்டன் தனியாகத்தான் கிளம்பினான். ‘உன்னத் தனியா விட்டா வீட்டையே வித்துட்டு வருவே’ என்று டெஸ்ஸா தன் அம்மாவைக் காவலுக்கு ஏற்றி அனுப்பிவிட்டாள். கட்டின மனைவிக்குப் பயந்தவன் மாமியாருக்குக் கார்க் கதவைத் திறந்துவிடாமல் இருக்க முடியுமா? வழி நெடுக, வளர்ந்த ஆம்பிளைகள் பொம்மை வைத்து விளையாடுவதைப் பற்றி நடீன் பாடம் எடுத்துக்கொண்டே வந்தாள்.

“அப்படி என்னதான் இருக்கு இதுல?” என்றாள் இப்போது.

யாராவது கேட்க மாட்டார்களா என்றுதானே அவன் காத்திருந்தான்.

“கைப்பிடி டைட்டானியம், எடையே தெரியாது. ஒத்த விரல்ல தட்டினா கத்தியோட அலகு பாய்ஞ்சு வந்து ‘டக்’னு நிக்கும். துளிகூட ஆடாது. பூட்ட விலக்கினா தன் கனத்துலயே இறங்கி வந்து படுத்துக்கும். படுத்தப்புறம் பாருங்க, ரெண்டு பக்கமும் தொடாம நட்டநடுவுல இருக்கும். அந்த நடுவக் கொண்டு வர மனுஷன் உட்கார்ந்து தேய்ச்சுக்கிட்டே இருப்பாரு. சாயங்காலம் நாலு தடவ திறந்து மூடினேன்னா, ஆபீஸ்ல வாங்கின திட்டெல்லாம் மறந்துரும்.”

“அதுக்குத்தான் எம்பொண்ணு இருக்காளே.”

“அவளும் திட்டுவா, அத்தை.”

நடீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, கோபத்தை அடக்கினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

டால்டனின் பெட்டியில் கத்திகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஆர்வில் செய்தது ஒன்றுகூட இல்லை. அதற்குக் காரணம் கிழட்டுக் கரடி. கத்திப் பிரியர்களின் இணையக் குழுவில் ஒருவன் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. ஆர்வில் எப்போதாவது ஒரு கத்தியின் படத்தைப் போடுவார். முதலில் ‘எனக்கு’ என்று எழுதுகிறவருக்கு அது சொந்தம். டால்டன் எழுத்தைத் தேடுவதற்குள் கிழட்டுக் கரடி எழுதி முடித்திருப்பான். போதாக்குறைக்கு, ‘நல்லாத் தூங்கினியா, தம்பி?’ என்று வெறுப்பேற்றுவான்.

“இங்க அவன் பருப்பு வேகாது, அத்தை. குலுக்கல்தான். நேர்ல வந்து பேரு எழுதிப் போடணும். யாரு பேரு வருதோ அவங்க ஒரு கத்திய விலை குடுத்து வாங்கிக்கலாம். அவனும் வர்றேன்னு எழுதியிருக்கான்.” குரலைத் தாழ்த்தினான். “பின்னாடி நிக்கிற தாடிதான்னு நினைக்கிறேன். சட்டையில கரடிப் படம் பாருங்க.”

நடீன் திரும்பிப் பார்த்தாள். “அப்படித்தான் இருக்கு. முழியே சரியில்ல.”

“ஒரு உதவி அத்தை. நீங்களும் ஒரு சீட்டு எழுதிப் போடுங்க. ஆளுக்கு ஒன்னு போடலாம்.”

“கருமம், என் பேர எதுக்கு இதுல இழுக்கிறீங்க?”

“கால்ல வேணாலும் விழுறேன்.”

அலுத்துக்கொண்டே எழுதிப் போட்டாள்.

ஆர்வில் பெட்டியைக் குலுக்கிக் கையை விட்டார். ஒரு சீட்டை எடுத்துப் பிரித்துப் படித்தார்.

“நடீன் ஹார்கிஸ்.”

டால்டன் மாமியாரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டான். தாடிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தக் காட்சிக்காகவே இன்னொரு முறை நாக்ஸ்வில் வரலாம் என்று டால்டனுக்குத் தோன்றியது.

“கறுப்புக் கைப்பிடி, அத்தை. கறுப்பு” என்று காதைக் கடித்தான்.

மேஜையில் இருந்த ஒவ்வொன்றையும் அவள் ஆற அமரப் பார்த்தாள். கடைசியில் கறுப்பையே எடுத்தாள். டால்டன் பர்ஸைத் திறப்பதற்குள் தன் கார்டை நீட்டினாள்.

“அத்தை, நீங்க எதுக்கு?”

“இருக்கட்டும். டெஸ்ஸாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மாமியார் உலகத்தில் யாருக்கு வாய்ப்பாள்? கத்தியை அவள் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். ஆயிரம் கண் படும் இடத்தில் அதுவும் நல்லதுதான் என்று விட்டுவிட்டான்.

இருவரும் பன்றிக்கறி ரொட்டியும் இனிப்புத் தேநீரும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டால்டனுக்கு ரொட்டி இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். போனை எடுத்துக் குழுவில் எழுதினான்: ‘கிழட்டுக் கரடி, எங்க ஓடி ஒளிஞ்சே? ஆர்வில் கத்தி இன்னிக்கு எனக்கு.’

அனுப்பிவிட்டுத் தாடிக்காரரைத் தேடினான். அவர் போனைப் பார்க்கவே இல்லை, யாரோ ஒருவருடைய கத்தியை விரித்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே நடீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் போனில் மெதுவாக எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் மகளிடம் போட்டுக்கொடுக்காமல் இருந்தால் சரி.

அவன் போன் அதிர்ந்தது. கிழட்டுக் கரடி பதில் எழுதியிருந்தது.

‘உங்களுக்கா? சீட்டுல வந்தது என் பேருதானே, மாப்பிள்ளை.’