ஏழாம் நம்பர் வேண்டாம்

ஆக்லாந்து வானொலியில் ரக்பி அரட்டை நடத்தும் கிரெய்க்குக்கு, லோசாவின் குரல் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். வாராவாரம் அழைப்பாள். ஒரே பாட்டுதான்.

“தம்பி, அந்த ஏழாம் நம்பர் துவாலாவை நாட்டு டீம்ல எடுக்கக் கூடாது.”

“பந்து தரையில விழுந்தா, முதல்ல தலையக் குடுத்துப் பறிக்கிறவன் அவன்தாங்க்கா! அவனை விட்டா யாரு?”

“இளவட்டம் எத்தனையோ இருக்கு.”

“இப்ப எடுக்கலேன்னா ஜப்பான்காரன் கொத்திக்கிட்டுப் போயிடுவான். வெளிநாட்டுல ஆடப் போனா அப்புறம் நியூசிலாந்து டீமோட கறுப்பு ஜெர்சியே கிடையாது.”

“அங்கயும் ஆட வேண்டாம்.”

“அவன் மேல அப்படி என்னக்கா வயித்தெரிச்சல்?” கிரெய்க் இணைப்பைத் துண்டித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அணியை அறிவித்தார்கள். துவாலாவின் பெயர் இல்லை. மறுநாள் முதல் அழைப்பே லோசாதான்.

“ஊரே துக்கம் கொண்டாடுது. உங்களுக்கு வயிறு குளிர்ந்துச்சா?” என்றான் கிரெய்க்.

“குளிர்ந்துச்சு தம்பி. அவனை எடுக்காதவங்க புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்.” அவள் குரல் உடைந்தது. “மூணு தடவை தலையில அடி. டாக்டர்கிட்டயே மறைச்சுட்டான். போன மாசம் சொந்த மக பேரு ஞாபகம் வராம முழிச்சான். இந்தத் தடவை எடுக்கலேன்னா ஆட்டத்தையே விட்டுடறேன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருந்தான்.”

இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானிலிருந்து கிரெய்க் கையை எடுத்தான்.

“எங்க சமோவாத் தீவுக்காரங்க சர்ச்சே அவன் பேரு வரணும்னு ஜெபம் பண்ணிச்சு, தம்பி. பெத்தவ நான் ஒருத்திதான், வரக் கூடாதுன்னு முழங்கால் போட்டேன்.”