மச்சினன் பிடிக்கும் வடம்

"திரி பத்திருச்சு, இழு மச்சான்!"

கிணற்றுக்குள்ளிருந்து ராசாங்கம் கத்தினான். என் தங்கச்சி மலர்க்கொடியின் புருசன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு, மழை ஏமாற்றிய வருசம். செட்டிகுளம் பக்கம் எல்லாம் பாறை. வெடி வைத்தால்தான் கிணறு ஆழம் போகும்.

திரியைப் பற்றவைத்தவன் இடுப்பில் கட்டிய வடத்தோடு, சுவரில் கால் ஊன்றி ஏறுவான். மேலே ஒருத்தன் இழுக்க வேண்டும். மற்றவர்கள் அதற்கு முன்பே புளியமரத்துக்கு அந்தப் பக்கம் ஓடிவிடுவார்கள்.

அந்த வடத்தை மச்சினன்தான் பிடிப்பான். அண்ணன் தம்பியை எவன் நம்பினான்? நிலத்தில் பங்கு இருக்கிறதே. மச்சினன் என்றால் தங்கச்சி தாலியை அறுக்க மாட்டான். அவ்வளவுதான் நம்பிக்கை.

முந்தின ராத்திரியும் ராசாங்கம் மலர்க்கொடியை உதைத்திருக்கிறான். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் பயமில்லாமல் இறங்கினான்.

அவன் கீழே பாறைத் துளையில் வெடிமருந்தைத் திணித்துக் கிட்டித்துக்கொண்டிருந்தபோது, அவன் பக்கத்து வீட்டு ஆண்டாயி மூச்சிரைக்க வந்தாள். என் காதில் ஒன்று சொன்னாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மரத்தடிக்குப் போனாள்.

இப்போது அவன் இழு இழு என்கிறான்.

என் விரல்கள் விரிந்தன. வடம் ஒரு முழம் வழுக்கியது. கீழேயிருந்து என் அம்மாவைச் சேர்த்துத் திட்டினான். திரி சீறியது. புகை மூக்கில் ஏறியது.

விட்டால் போதும். கை வழுக்கிவிட்டது என்றால் எவன் கேட்கப்போகிறான்?

என் கையை நான் நம்பவில்லை. வடத்தின் மறுநுனியை என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டேன். இனி அவன் விழுந்தால் நானும்தான்.

இழுத்தேன்.

அவன் விளிம்பேறியதும் இருவரும் மரத்துக்கு ஓடினோம். வெடித்தது. கல் மழையாகக் கொட்டி ஓய்ந்தது.

ராசாங்கம் தலையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு இளித்தான். "என்ன மச்சான், தங்கச்சி தாலிய நெனச்சுக்கிட்டியா?"

அப்புறம்தான் ஆண்டாயியைக் கண்டான். "இது எப்ப வந்துச்சு?"

"நீ உள்ள இருக்கறப்ப. வூட்டுக்குப் போ. நீ கெளம்பின கொஞ்ச நேரத்துல மலர்க்கொடி உசுரு போயிருச்சாம்" என்றேன்.

அவன் அழவில்லை. என் இடுப்பிலிருந்த வடத்தைப் பார்த்தான். அது தன் இடுப்புக்கு வருவதைப் பார்த்தான்.

குனிந்து தன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான். அவன் கனத்தில் இறுகியிருந்த அது அவிழவே இல்லை.