பிந்திப் பிறந்த அண்ணன்

நட்சத்திர ஆமைகளைக் கடத்தாதீர்கள் என்ற போஸ்டரை மாணவி பெனிட்டா நேராகக் கம்ப்யூட்டரிலேயே செய்து, அச்சும் எடுத்துவிட்டாள். பிறகுதான் கல்லூரி விதி ஞாபகம் வந்தது. போஸ்டரோடு, அது உருவாகி வந்த பென்சில் படங்களையும் வைக்க வேண்டும்.

போஸ்டர் ஆமையைப் பார்த்துப் பார்த்து, வேண்டுமென்றே கொஞ்சம் மோசமாக, பத்து ஆமைகளை நோட்டில் வரைந்தாள். போன மாதத் தேதி போட்டாள். பழசாகத் தெரியட்டும் என்று ஒரு பக்கத்தில் டீ டம்ளரின் ஈர அடியைப் பதித்தாள். அந்தப் பக்கத்து ஆமைக்கு ஒரு கால் கோணல்.

அவள் கை கழுவப் போனதும் அது பேசியது.

"தம்பி, இனிமே என்னை அண்ணான்னு கூப்பிடு."

"நான் பிறந்து மூணு நாளாச்சு. நீ இப்பதானே பிறந்தே?" என்றது போஸ்டர் ஆமை.

"தேதியைப் பாரு. நீ உண்மையைச் சொன்னா அவளுக்குத்தான் மார்க் போகும்."

போஸ்டர் ஆமை யோசித்தது. "சரிங்கண்ணா" என்றது.

மறுநாள் தேர்வாளர் போஸ்டரை ஒரு பார்வை பார்த்தார். நோட்டைத்தான் வெகுநேரம் புரட்டினார். டீக்கறைப் பக்கத்தில் விரல் நின்றது.

"இந்தக் கோணல்கால் ஆமைதாம்மா நடக்குது. இதை ஏன் விட்டுட்டே? இதை வச்சே மறுபடி பண்ணிட்டு வா."

பெனிட்டா தலையாட்டினாள். வேறென்ன சொல்ல முடியும்?

அடுத்த வாரம் புதுப் போஸ்டர் வந்தது. அதிலிருந்த ஆமைக்கும் ஒரு கால் கோணல். நோட்டைக் கண்டதும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, "அண்ணா" என்றது.

பென்சில் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.