பேக்கரி முதலாளி போனை எடுக்கிறார்

மின்விசிறி சுற்றுகிறது, ஆனாலும் பேக்கரி முதலாளியின் சட்டைக் காலர் வேர்வையில் ஒட்டிக்கிடக்கிறது. எதிரே ஒரு பத்திரிகை நிருபர், இளம்பெண், உட்கார்ந்திருக்கிறாள். நேற்று இவருடைய க்ரீம் பன்னைச் சாப்பிட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். மாவு பிசையும் இயந்திரங்கள் ஓடாததால் காகிதம் படபடப்பதுகூடப் பெரிதாகக் கேட்கிறது. மேசைமேல் பளபளக்கும் தாள் சுற்றிய பரிசுப் பெட்டி. முதலாளியின் மச்சான் அதை விரல் நுனியால் அவள் பக்கம் நகர்த்துகிறார். "நீங்க நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. பார்த்துப் போடுங்கம்மா." அவள் பெட்டியைத் தொடவில்லை. பேனா மூடியைக் கழற்றுகிறாள். "க்ரீம் கெட்டுப்போனது உங்களுக்குத் தெரியுமா, சார்?" முதலாளி பெட்டியை எடுத்து மச்சானின் மடியில் வைக்கிறார். "நேத்து சாயங்காலம்தான் தெரிஞ்சுது. முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜ் நின்னுபோயிருக்கு, நாங்க கவனிக்கல. தப்பு எங்களோடதுதான். உள்ளே வந்து நீங்களே பாருங்க." "மாப்ளே, யோசிச்சுப் பேசுங்க" என்று மச்சான் பல்லைக் கடிக்கிறார். நிருபரின் பேனா நிற்காமல் ஓடுகிறது. "ராத்திரி நான் போன்ல அத்தனை தடவை கூப்பிட்டேனே, ஏன் எடுக்கல?" ஜன்னல் வெயில் முதலாளியின் பாதி முகத்தில் விழுந்து கண்ணைக் கூசவைக்கிறது. அவர் நகரவில்லை. "பயமா இருந்துச்சு." "அதையும் எழுதட்டுமா?" "எழுதுங்க." அதற்குள் மேசையில் அவருடைய போன் அதிர்கிறது. திரையில் இன்னொரு பத்திரிகையின் பெயர். மச்சான் அணைக்கக் கை நீட்டுகிறார். முதலாளி முந்திக்கொண்டு எடுத்துக் காதில் வைக்கிறார். "சொல்லுங்க. நான்தான் பேசறேன்."