ஆளுக்கு ஒரு கிளாஸ்

"தங்கச்சி, அன்புக்கும் ஊத்து. பாவம், பாத்துக்கிட்டே இருக்கான்" என்று ஜக்கோடு நின்ற புஷ்பவள்ளியிடம் சொன்னார் பக்கத்து வீட்டு சபாபதி.

கனிமொழி இடுப்பிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

சிதம்பரத்தில் அவள் கணவன் அன்பரசுவின் அண்ணன் சார்லஸ் வீட்டில் வருஷா வருஷம் இதுதான் வழக்கம். சார்லஸின் மனைவி புஷ்பவள்ளி நவம்பரிலேயே திராட்சையைப் பிசைந்து ஜாடியில் போட்டு ஒயினுக்கு ஊற வைத்துவிடுவாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு, பிரியாணிக்கு நடுவே ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ். நாக்கில் பட்டு இறங்குவதற்குள் தீர்ந்துவிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான்.

மற்றவர்களுக்கு அது ஒரு மடக்கு. அன்பரசுவுக்கு?

ஈஸ்டர் சமயத்தில் பாண்டிச்சேரியில் வைத்தியம் பார்த்துக் குடியை விட்டவன். "ஒரு சொட்டு பட்டாலும் மறுபடி முதல்லேர்ந்துதாம்மா" என்று டாக்டர் சொன்னது இவளுக்குத் தூக்கத்திலும் கேட்கும்.

அதனால்தான் போன வாரம் கடலூரிலிருந்து காயின் போனில் புஷ்பவள்ளியிடம் கெஞ்சினாள். "அக்கா, அவருக்கு மட்டும் கிளாஸ் வைக்காதீங்க. யாராச்சும் கேட்டா வயித்து வலின்னு சொல்லிக்கிறேன்."

"நீ வா கனி, நான் பாத்துக்கிறேன்" என்றாளே அந்த அக்கா.

இப்போது அதே அக்கா ஜக்கைச் சாய்த்து அன்பரசுவின் கிளாஸை விளிம்புவரை நிரப்பினாள்.

"இந்த வருஷம் ஜாஸ்தியா ஏறுதுப்பா" என்று சபாபதி தலையை ஆட்டினார்.

அன்பரசு கிளாஸைத் தொடவில்லை.

"என்னடா, ஜெபம் பண்றியா?" என்ற சார்லஸ், குனிந்து தம்பி காதில் ஏதோ கிசுகிசுத்தார். அன்பரசு சிரித்துவிட்டான். அவன் அப்படிச் சிரித்துக் குடிக்கப் போன சாயங்காலங்கள் இவளுக்குத் தெரியும்.

கை கிளாஸிடம் போனது.

கனிமொழி எட்டிப் பிடுங்கினாள். கீழே கொட்டக்கூடத் தோன்றவில்லை. அத்தனை பேர் முன்னால் ஒரே மூச்சில் தானே குடித்துவிட்டாள்.

தொண்டை எரியப்போகிறதென்று கண்ணை இறுக மூடினாள்.

எரியவில்லை. திராட்சை, ஏலக்காய், சர்க்கரை. அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது சபாபதி பிரியாணிக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஜூஸா அக்கா?" காலிக் கிளாஸை அன்பரசு முன்னால் வைத்தாள். "இவருக்கு மட்டும் தனியா போட்டீங்களா?"

புஷ்பவள்ளி அதே ஜக்கிலிருந்து முதலில் அன்பரசுவுக்கு ஊற்றினாள். பிறகு சார்லஸுக்கு, சபாபதிக்கு, தனக்கு.

"தம்பிக்கு மட்டும்னா, அது இத்தினி பேர் நடுவுல தனியா இல்ல உக்காந்திருக்கும்? இந்த வருஷம் வீட்ல ஒயினே போடல கனி. எல்லாரும் குடிக்கிறது இதேதான்."